மஞ்சள் சட்டைக்குக் கொடுத்த சக்கரம்

எங்கள் அணியின் சட்டை நீல நிறம். முதுகில் ஓர் ஆள் வாயைத் திறந்துகொண்டு மெத்தையில் தூங்குவது போலப் படம். யாங்கூனில் மெத்தைக் கடை வைத்திருக்கும் எங்கள் முதலாளி, சைக்கிள் பந்தயத்தின் மேல் உள்ள ஆசையால் ஆறு பேரை மாதச் சம்பளத்துக்கு வைத்து அணி நடத்துகிறார். பந்தயத்தில் எங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் அந்தத் தூங்கும் ஆளைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். "உங்க பின்னாடி வந்தா கொட்டாவி வருதுய்யா" என்பார்கள். விளம்பரம் வேலை செய்கிறது என்று முதலாளிக்கு அதிலும் சந்தோஷம்தான்.

அந்த அணியில் மூன்று வருடம் நான் லீடரின் ஆள். சாலைப் பந்தயம் தெரியாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு எல்லோரும் ஜெயிக்க மிதிப்பது போலத் தெரியும். உண்மையில் ஓர் அணியில் ஒருவர்தான் ஜெயிக்க மிதிக்கிறார். மற்ற ஐந்து பேர் அவர் ஜெயிப்பதற்காக மிதிக்கிறார்கள். எதிர்காற்று அவர் மேல் படாமல் முன்னால் போக வேண்டும். பின்னால் வரும் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. லீடரின் டயர் வெடித்தால், பக்கத்தில் இருப்பவன் இறங்கித் தன் சக்கரத்தைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டு ரோட்டோரம் நிற்க வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசிக்கிற நேரத்தில் மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். குழந்தை அழுதால் சமையலறையிலிருந்து எழுந்து ஓடும் தாயைப் போல, லீடர் கையைத் தூக்கினால் என் கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் நான். அப்பா யாங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில், எங்கள் ஊரான தன்லியின் என்ற ஊர் மார்க்கெட்டில் சைக்கா ஓட்டுகிறார். பக்கவாட்டில் ஆளை உட்காரவைத்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டி அது. என் உத்தியோகத்தை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"நான் மூணு சக்கரத்துல ஆளை ஏத்தி மிதிச்சு உன்னைப் படிக்க வச்சேன். நீ படிச்சுட்டு ரெண்டு சக்கரத்துல ஆளே இல்லாம மிதிக்கிறே. இதுக்கு எதுக்குடா பத்தாவது?"

"இது வேறப்பா. கம்பெனி வேலை."

"கியாக்தான் ஊருக்குப் போறே, திரும்பி வர்றே. அங்க என்ன இறக்கறே?"

"ஒண்ணும் இல்லப்பா."

"வரும்போது?"

"வரும்போதும் ஒண்ணும் இல்ல."

அம்மா குறுக்கே வந்து, "விடுங்க, லீடர்னு ஒரு பதவி இருக்காம், அது வரட்டும்" என்பாள். அப்பா கொஞ்சம் யோசித்து, "லீடர் ஆனா உக்காந்துக்கலாமா?" என்று கேட்பார். இன்னும் வேகமாக மிதிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அஞ்சு பேரு நம்ம பேச்சைக் கேப்பாங்க" என்று மட்டும் சொன்னேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அப்போதைய லீடர் கியாக்தான்காரர், பர்மியர். அவரை நாங்கள் 'அகோ' என்போம். அண்ணன் என்று அர்த்தம். என்னை அவர் 'ஞீலே' என்பார், தம்பி. எங்களுக்குள் பேச்சு பர்மிய மொழியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் வீரர்கள் ஆகஸ்டு மாதத்தில் அணி மாறுவதைப் பற்றிப் போனில் விடாமல் படிப்பேன். ஏஜென்ட், வக்கீல், ஒப்பந்தம் என்று பெரிய ஏற்பாடு. எங்கள் ஊரில் ஆகஸ்டுக்கு வழியே இல்லை. அது ஆடி. முதலாளி தமிழர், ஆடியில் நல்ல காரியம் எதுவும் பேசமாட்டார். அதோடு பௌத்தர்களின் மழைக்கால நோன்பும் தொடங்கிவிடும். மூன்று மாதம் கல்யாணம் கிடையாது, வீடு மாறுவது கிடையாது. அணி மாறுவதும் வீடு மாறுவதில் சேர்த்தி என்று எப்போதோ யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஐப்பசியில் தடிஞ்சூ விளக்குத் திருவிழா வரும்வரை யாரும் யாரையும் விட்டுப் போக முடியாது. பிடிக்கிறதோ இல்லையோ, மழையில் நனைந்துகொண்டு ஒற்றுமையாக மிதிப்போம்.

அப்படி ஒரு மழைநாள் காலையில், பயிற்சி முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அகோ என் பக்கம் குனிந்தார்.

"ஞீலே, நீ படிச்சவன். ஒரு லெட்டர் எழுதித் தரணும்."

"யாருக்கு அகோ?"

"முதலாளிக்கு. திருவிழா முடிஞ்சதும் நூடுல்ஸ் கம்பெனிக்குப் போறேன். அந்தம்மா கூப்பிட்டிருக்காங்க."

தன்லியினில் அரிசி நூடுல்ஸ் ஆலை நடத்தும் அம்மாள் ஒருவர் மஞ்சள் சட்டை அணி ஒன்றை வைத்திருந்தார். எங்களுக்கு ஜென்ம எதிரிகள்.

"தினமும்தான் பார்க்கறீங்க. நேராவே சொல்லலாமே?"

"ஆனாடே ஆகுது" என்றார். அடுத்தவர் மனம் நோகுமே என்று வாய் எழாமல் போகிற கூச்சத்துக்கு இங்கே அதுதான் பெயர். அதற்கு மேல் யாரும் காரணம் கேட்பதில்லை.

பாதி டீ குடிக்கும்வரை எனக்குத் துக்கமாக இருந்தது. மீதி டீயில், லீடர் இடம் காலியாகிறதே என்று தோன்றியது.

அந்தக் கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். பள்ளியில் கற்ற மரியாதைச் சொற்களில் ஒன்றைக்கூட விடவில்லை. 'தங்கள் மெத்தையின் நிழலில் வளர்ந்த நான்' என்று தொடங்கியதைப் படித்துக் காட்டியபோது அகோ நிறுத்தினார்.

"மெத்தைக்கு நிழல் உண்டா?"

"எழுத்துல உண்டு அகோ."

திருவிழா முடிந்ததும் தட்டில் தேங்காயும் வாழைச்சீப்பும் வைத்து எடுத்துக்கொண்டு அகோ கடைக்கு வந்தார். அந்தத் திருவிழா நாட்களில் பெரியவர்கள் முன் மண்டியிட்டுக் கும்பிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புகளுக்கு மன்னிப்புக் கேட்பது இந்த நாட்டு வழக்கம். கடைக்கு நடுவில், அடுக்கிவைத்த மெத்தைகளுக்குக் கீழே அவர் அப்படிக் கும்பிட்டார். முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாருய்யா எழுதினது? படிச்சா போயிட்டு வான்னு சொல்லத்தான் தோணுது."

நான் தலையணை அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க இருந்தாலும் நீ நம்ம ஆளுதான்" என்று அகோவின் தலையில் கைவைத்துச் சொன்னார் முதலாளி. எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களும் கேட்டுக்கங்க. இவன் மேல யாரும் எதையும் மனசுல வச்சுக்கக் கூடாது" என்றார்.

அகோ தெருமுனை திரும்பியதும் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கார்த்திகையில தன்லியின் பந்தயம் வருது. கியாக்தான் போய்த் திரும்பறது, மூணு சுத்து. அதுல அவனுக்கு முன்னாடி வந்தேன்னா நீதான் லீடர். வரலேன்னா மாண்டலேல ஒருத்தனைப் பார்த்து வச்சிருக்கேன், கூட்டிட்டு வந்துடுவேன்."

"முன்னாடின்னா, எத்தனாவதா வரணும் சார்?"

"நீ எத்தனாவதா வேணா வா. அவன் உனக்குப் பின்னாடி வரணும். அவ்வளவுதான்."

"மனசுல எதையும் வச்சுக்கக் கூடாதுன்னு இப்பதான்..."

"மனசுல வைக்கல. ரோட்டுல வைக்கிறேன்."

வீட்டில் சொன்னேன். மறுநாளே மார்க்கெட்டில் இருக்கும் அத்தனை சைக்காக்காரர்களுக்கும் அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் 'ஜெயித்தால்' என்ற வார்த்தை விட்டுப்போயிருந்தது. நான் மீன் வாங்கப் போனால், "வாங்க லீடர்" என்று அப்பாவின் நண்பர்கள் எழுந்து நின்றார்கள். தோற்றால் இந்த மார்க்கெட் வழியாக எப்படி நடப்பது என்பதே எனக்கு இராத்திரியும் பகலும் கவலையாக இருந்தது.

பந்தய நாள் காலை. வெயிலுக்குக் கன்னத்தில் தனகா மரப்பட்டையை அரைத்த, சந்தனம் போன்ற குழம்பைப் பூசிக்கொண்டு நின்றோம். எங்கள் அணிக்குத் துணை வண்டி, கடையில் மெத்தை கொண்டு போகிற லாரிதான். அதன் பின்பக்கத்தில் இரண்டு மெத்தைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், அன்றைக்கென்று சலவை லுங்கி கட்டிக்கொண்டு, என் அப்பா. மகன் லீடராகிறதைப் பார்க்க முதலாளியே கூப்பிட்டிருந்தார்.

"மிதிக்காம போறது எனக்கு இதான் முதல் தடவை" என்று அப்பா கையை ஆட்டினார்.

எனக்கு அன்று ஒரே கட்டளை: யாருக்கும் எந்த வேலையும் செய்யாதே. நினைத்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. முதல் சுற்றில் எங்கள் ஆள் ஒருவன் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். நன்றி சொல்லி வாங்கிச் சட்டைக்குள் செருகினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் கொடுத்தான். அதையும் செருகினேன். இரண்டாவது சுற்று முடியும்போது என் சட்டைக்குள் ஐந்து பாட்டில்கள் இருந்தன. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யோவ், எங்க கொண்டு போறே? உனக்குக் குடிக்கத்தான்யா குடுத்தோம்!" என்று கத்தினான் முதலில் கொடுத்தவன்.

கடைசிச் சுற்றில் ஐந்து பேர் முன்னால் பிரிந்து போனோம். அதில் நானும் இருந்தேன், அகோவும் இருந்தார். கியாக்தானில் ஆற்று நடுவே இருக்கும் கோயிலுக்குப் படகு பிடிக்க நின்ற கூட்டம் கை தட்டியது. அங்கே திரும்பினோம். வயல்களுக்கு நடுவே தன்லியினை நோக்கிக் கடைசித் தூரம். என் கால்கள் அன்று நன்றாக இருந்தன. அகோ எனக்குப் பின்னால் வந்தார். அவர் மூச்சு எனக்கு மனப்பாடம். அன்று அது திணறிக்கொண்டிருந்தது. இன்று இவரை ஜெயித்துவிடுவேன் என்று எனக்கே முதல் தடவையாக நம்பிக்கை வந்தது.

பின்னால் 'பட்' என்று ஒரு சத்தம்.

"ஞீலே!"

நிறுத்தினேன். இறங்கி என் முன்சக்கரத்தைக் கழற்றினேன். அதற்குள் அவர் தன் சக்கரத்தைக் கழற்றியிருந்தார். என்னுடையதை மாட்டி, இறுக்கி, அவர் சீட்டின் கீழ் கைவைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினேன். "போங்க அகோ, போங்க! பிடிச்சுடலாம்!" என்று கத்தியதும் நான்தான். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகச் சக்கரம் மாற்றியது கிடையாது.

அவர் தூரத்தில் போகப் போகத்தான் அவருடைய முதுகு கண்ணில் பட்டது. மஞ்சள் சட்டை. அதில் ஒரு நூடுல்ஸ் கிண்ணம். கிண்ணத்திலிருந்து ஆவி பறப்பதுவரை தெளிவாகத் தெரிந்தது.

கையில் வெடித்த சக்கரத்தோடு நின்றேன். லாரி வந்து நின்றது. முதலாளி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்பாதான் எட்டிப் பார்த்தார்.

"யாருடா அவன்? நம்ம ஆளா?"

"இல்லப்பா."

"உனக்கு முன்னாடி போகக் கூடாதுன்னாங்களே, அந்த ஆளா?"

"அவருதான்ப்பா."

"அவனுக்கு ஏண்டா கழட்டிக் குடுத்தே?"

"கூப்பிட்டாரு."

"கூப்பிட்டா?" அப்பா முதலாளியைப் பார்த்தார். "கூப்பிட்டா குடுத்துடணுங்களா? இதான் சட்டமா?"

முதலாளி தலையிலிருந்து கையை எடுத்தார். "சட்டமும் இல்ல, மண்ணும் இல்ல! ஏண்டா, கண்ணு தெரியலையா உனக்கு? மஞ்சள் தெரியலையா, மஞ்சள்?"

"எங்க இருந்தாலும் நம்ம ஆளுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை. முதலாளி மெத்தையில் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார். அப்பாதான் லாரிக்குள் தேடி மாற்றுச் சக்கரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைப் பிடித்த விதத்தைப் பார்த்தால், என்னைவிட நன்றாகவே மாட்டுவார் என்று தெரிந்தது.

அகோ முதலாவதாக வந்தார். நான் பதினொன்றாவது. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது அவர் கையைத் தூக்கவில்லை என்று சொன்னார்கள். என்னை நினைத்துக் கூச்சமாக இருந்ததாம். மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"கூப்பிட்டது தப்பு ஞீலே. வாய் தானா கூப்பிட்டுடுச்சு."

"நிறுத்தினது என் தப்பு அகோ."

"ஆனா அழகா மாட்டினே."

"பிரேக் கொஞ்சம் உரசியிருக்குமே?"

"லேசா உரசிச்சு."

"மன்னிச்சுக்கங்க அகோ."

இதை நான் சொன்னபோது முதலாளி எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். நேராக லாரியில் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்குப் போகும்போது அப்பா மார்க்கெட் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன்.

புதன்கிழமை என்னைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது முதலாளி மாண்டலேக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். லைன் கிடைத்தது. "தம்பி, நம்ம அணிக்கு லீடரா..." என்று அவர் ஆரம்பிக்கும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நூடுல்ஸ் கம்பெனி அம்மாள் இறங்கினார். பின்னால் டிரைவர் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தேங்காய், வாழைச்சீப்பு, மேலே நூடுல்ஸ் பாக்கெட்டுகள்.

கடையில் நாற்காலி இல்லை. அவரை மெத்தையில் உட்காரவைத்தோம். நல்ல மெத்தை, இடுப்புவரை உள்ளே போய்விட்டார். அங்கிருந்தபடியே பேசினார்.

"உங்க பையன் ஒருத்தனை எனக்குத் தரணும்."

"யாரை அக்கா?"

"பேரெல்லாம் தெரியாது. வீல் குடுத்த பையன். என் லீடர் மூணு நாளா அவனைப் பத்தியேதான் பேசறார். அவர் கூடவே இருக்கட்டுமே. எப்படியும் போன ஞாயித்துக்கிழமையே என் கம்பெனிக்கு வேலை செஞ்சுட்டான். இனி சட்டையை மாத்தறது ஒண்ணுதான் பாக்கி."

உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் அப்படிக் கேட்டதும் எனக்குச் சட்டென்று போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அகோவுக்கு முன்னால் காற்றில் போவது எனக்குத் தெரிந்த வேலை. அதில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. தலையாட்டப் போனேன்.

ஆனால் முதலாளியின் முகம் மாறிவிட்டது. ஒரு நிமிடம் முன்புவரை என்னைப் பார்க்கவே பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது தலை முதல் கால் வரை என்னை அளந்து பார்த்தார். கடையில் விற்காமல் கிடந்த மெத்தைக்கு ஆள் வந்து விலை கேட்டால் அப்படித்தான் பார்ப்பார்.

"அவனை எப்படிக் குடுக்கறது அக்கா?" என்றார். "அவன் எங்க லீடராச்சே."

"லீடரா? லீடரே இறங்கி வீல் குடுக்கறாரா உங்க கம்பெனில?"

"எங்க கம்பெனில அப்படித்தான்."

முதலாளியின் கையிலிருந்த போனிலிருந்து, "ஹலோ, ஹலோ! லீடர் இருக்காரா? அப்ப நான் வர வேணாமா?" என்று மாண்டலே குரல் கேட்டது. முதலாளி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அம்மாளை எழுப்ப நானும் டிரைவரும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. எழுந்ததும் மெத்தையை ஒரு தட்டுத் தட்டி, "இது என்ன அளவு?" என்று கேட்டுவிட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனார். என்னைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

"சார், நிஜமாவா?" என்று கேட்டேன்.

"வாய்ல வந்துடுச்சு. அந்தம்மா சாயந்திரத்துக்குள்ள தன்லியின் பூரா சொல்லிடும். இனிமே மாத்தினா எனக்குத்தான் அசிங்கம்." வாழைப்பழம் ஒன்றை உரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "உனக்கு இங்க இருக்க இஷ்டம்தானே?"

போக ஆசைப்பட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆனாடே ஆகிவிட்டது. "இஷ்டம்தான் சார்" என்றேன்.

அன்று மாலை அப்பா மார்க்கெட் வழியாகவே வீட்டுக்கு வந்தார். நூடுல்ஸ் கம்பெனிக்காரர்கள் தட்டு வைத்து என்னைக் கேட்டதையும் முதலாளி கொடுக்க மறுத்ததையும் நான் சொல்வதற்கு முன்பே அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய வீட்டுக்காரரின் கம்பீரம் அவரிடம் வந்திருந்தது.

அடுத்த ஞாயிறு லீடராக என் முதல் பயிற்சி. அகோ போன இடத்துக்குப் புதிதாக ஒருவன் சேர்ந்து, மறுபடியும் ஆறு பேர் ஆகியிருந்தோம். அதிகாலையில் பாலத்துப் பக்கம் போனோம். ஆற்றுக் காற்று எதிரே பலமாக அடித்தது. முறைப்படி ஐந்து பேரும் முன்னால் போக, நான் அவர்களுக்குப் பின்னால் பத்திரமாக வர வேண்டும். முன்னால் போனவனுக்கு அன்று இருமல். அவன் தோள் குலுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பிறகு முடியவில்லை. அவனைத் தாண்டி, "நீ பின்னாடி வா" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டேன்.

பின்னால் லாரியின் ஹாரன் அலறியது. "லீடர்! பின்னாடி போடா, லீடர்!" என்று முதலாளி கத்தினார். ஐந்து பேரும் என் பேச்சைக் கேட்டு ஒழுங்காக என் பின்னாலேயே வந்தார்கள். பாலம் முடியும்வரை அந்த ஹாரன் நிற்கவில்லை.